200 நானோமீட்டருக்குக் கீழே: சூப்பர் ரெசல்யூஷன் நுண்ணோக்கி பற்றி மாணவர்கள் கேட்பவை

நுண்ணோக்கி அறையில் என் வேலை பாதி நேரம் கருவியோடு, மீதி நேரம் அதைப் பயன்படுத்த வருகிறவர்களோடு. வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் எம்.எஸ்சி. முடித்தவர்கள் அல்லது பிஎச்.டி.யில் முதல் இரண்டு வருடத்தில் இருப்பவர்கள். கேள்விகள் கிட்டத்தட்ட ஒன்றேதான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி அலுத்துப்போய் எழுதி வைத்தது இது. பாதி அறிவியல், பாதி பிழைப்பு.

சாதாரண நுண்ணோக்கியில் என்ன குறை? இதில் என்ன "சூப்பர்"?

ஒளி ஓர் அலை. எவ்வளவு உசத்தியான லென்ஸ் போட்டாலும், ஒரு புள்ளியிலிருந்து வரும் ஒளியை மறுபடி ஒரே புள்ளியாகக் குவிக்க முடியாது. விளிம்பு விளைவால் அது ஒரு சின்னத் திட்டாகத்தான் விழும். இரண்டு புள்ளிகள் ரொம்ப நெருங்கி இருந்தால் திட்டுகள் ஒன்றோடொன்று கலந்து ஒரே கறையாகத் தெரியும். எவ்வளவு நெருக்கம் வரை பிரித்துப் பார்க்கலாம் என்று 1873-இல் எர்ன்ஸ்ட் ஆபே கணக்குப் போட்டார். ஒளியின் அலைநீளத்தை, லென்ஸின் நியூமெரிக்கல் அப்பர்ச்சரைப் போல் (லென்ஸ் எவ்வளவு அகலமான கோணத்தில் ஒளியைச் சேர்க்கிறது என்பதற்கான எண்) இரண்டு மடங்கால் வகுத்தால் வருவது அந்த எல்லை. பச்சை ஒளிக்கு 500 நானோமீட்டர், நல்ல ஆயில் லென்ஸுக்கு 1.4 என்று வைத்துப் பாருங்கள், சுமார் 180 வரும். நடைமுறையில் 200 முதல் 250. ஆழவாட்டில் இன்னும் மோசம், 500-க்கும் மேலே போய்விடும். ஜெர்மனியின் யேனா நகரில் ஆபேயின் நினைவுச்சின்னத்தில் இந்தச் சூத்திரத்தைக் கல்லிலேயே வெட்டி வைத்திருக்கிறார்கள்.

செல்லுக்குள் நமக்கு வேண்டியது பெரும்பாலும் அந்த 200-க்குக் கீழேதான் இருக்கிறது. செல்லின் சட்டகமாக இருக்கும் நுண்குழாய் 25 நானோமீட்டர் தடிமன். நரம்பு முனையில் இருக்கும் சினாப்டிக் வெசிக்கிள் என்ற குட்டிப் பை சுமார் 40. மைட்டோகாண்ட்ரியாவைப் பார்த்துவிடலாம், அதன் உள்மடிப்புகளைப் பார்க்க முடியாது. இந்த எல்லையைத் தாண்டிப் பார்க்கும் முறைகளுக்கெல்லாம் சேர்த்து வைத்த பெயர்தான் சூப்பர் ரெசல்யூஷன். தமிழில் மீப்பிரிதிறன் என்கிறார்கள். லேபில் யாரும் அப்படிச் சொல்லிக் கேட்டதில்லை.

எலக்ட்ரான் நுண்ணோக்கிதான் இருக்கிறதே?

இருக்கிறது, இன்னும் நுணுக்கமாகவே காட்டும். ஆனால் உயிருள்ள செல்லை அதில் வைக்க முடியாது. குறிப்பிட்ட ஒரு புரதம் எங்கே இருக்கிறது என்று தேடுவதும் அதில் பெரும்பாடு. தெருவில் வீடுகளின் சுவரெல்லாம் தெளிவாகத் தெரியும், எந்த வீட்டில் யார் குடியிருக்கிறார்கள் என்று தெரியாது. நாம் தேடும் புரதத்தில் ஒட்டவைக்கும் ஒளிரும் சாயம் காட்டுவது அதைத்தான்.

ஆபே போட்ட கணக்கு தப்பா?

இல்லை, இன்றும் சரிதான். எல்லாப் புள்ளிகளும் ஒரே நேரத்தில் ஒளிர்ந்தால் பிரித்தறிய முடியாது என்பதுதான் சிக்கல். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் ஒளிரவிடாமல் செய்தால்? சட்டத்தை மீறவில்லை, சந்துக்குள் புகுந்து போனார்கள்.

ஸ்டெட், பாம், ஸ்டார்ம், சிம்... எது எது?

ஸ்டெட்: ஒரு லேசர் சாயத்தைத் தூண்டும். இரண்டாவது லேசரின் வடிவம் அசல் மெதுவடை, நடுவில் ஓட்டை. வடைப் பகுதியில் இருக்கும் மூலக்கூறுகளை அது தூண்டு உமிழ்வு மூலம், அதாவது அவற்றின் ஆற்றலை முன்கூட்டியே கொட்டவைத்து, அணைத்துவிடும். ஓட்டைக்குள் மாட்டியவை மட்டும் ஒளிரும். இரண்டாவது லேசரின் திறனைக் கூட்டக் கூட்ட ஓட்டை சுருங்கும். செல்லில் 50 நானோமீட்டர் அளவுக்குக் கொண்டுவரலாம். ஷ்டெஃபான் ஹெல் 1994-இல் யான் விக்மனுடன் சேர்ந்து இதைத் தாளில் முன்வைத்தார்.

பாமும் ஸ்டார்மும்: கோயில் கோபுரத்தில் சீரியல் செட் போடுகிறார்களே, அதைத் தூரத்திலிருந்து பாருங்கள். எல்லாம் சேர்ந்து எரிந்தால் ஒரே வெளிச்சம். அங்கொன்றும் இங்கொன்றுமாக மினுக்கினால் ஒவ்வொரு பல்பும் எங்கே இருக்கிறது என்று குறித்துக்கொண்டே வரலாம். பத்தாயிரம், இருபதாயிரம் ஃபிரேம் எடுத்து, ஒவ்வொன்றிலும் மினுக்கிய புள்ளிகளின் நடுமையத்தைக் கணக்கிட்டு, எல்லாவற்றையும் ஒரே படத்தில் குத்தினால் செல்லின் வடிவம் எழும்பி வரும்.

நடுமையத்தை எப்படி அவ்வளவு துல்லியமாகச் சொல்ல முடியும் என்று கேட்பீர்கள். தோசை ஒரு சாண் அகலம் இருந்தாலும் அதன் நடுப்புள்ளியை விரல்நுனியால் காட்டிவிடலாம், கல்லில் அது தனியாக இருக்கும் வரை. ஒரு மூலக்கூறிலிருந்து 100 ஃபோட்டான் பிடித்தால் துல்லியம் திட்டின் அகலத்தில் பத்தில் ஒன்று. 10,000 பிடித்தால் நூறில் ஒன்று. ஃபோட்டான் எண்ணிக்கையின் வர்க்கமூலத்தால் வகுக்க வேண்டும், அவ்வளவுதான். பின்னணி ஒளி வந்து சேர்ந்தால் இந்தக் கணக்கு கொஞ்சம் கெடும். நிஜ செல்லில் 10 முதல் 20 நானோமீட்டர் கிடைத்தால் நல்ல நாள்.

சிம்: கோடு கோடாக ஒளி பாய்ச்சி, கோடுகளைத் திருப்பி நகர்த்திப் பல படங்கள் எடுத்துக் கணக்குப் போடும். மாட்ஸ் குஸ்தாஃப்சன் 2000-இல் காட்டியது. பிரிதிறன் இரண்டு மடங்குதான் கூடும், 100 நானோமீட்டர் வரை. ஆனால் சாதாரணச் சாயமே போதும், வேகமும் அதிகம். புதிதாக வருகிறவர்களை நான் முதலில் இதில்தான் உட்கார வைப்பேன்.

இன்னொன்று நுண்ணோக்கியைத் தொடவே தொடாது. 2015-இல் எம்.ஐ.டி.யில் எட் பாய்டன் குழுவில் இருந்த ஃபெய் சென், பால் டில்பெர்க் என்ற இரண்டு ஆராய்ச்சி மாணவர்கள், குழந்தைகளின் டயப்பரில் நீரை உறிஞ்சும் பாலிமரைத் திசுவுக்குள் உருவாக்கித் தண்ணீரில் ஊறவைத்தார்கள். ஜவ்வரிசி மாதிரி திசு உப்பி, நீளவாட்டில் நாலரை மடங்கு பெரிதானது. அப்புறம் கன்ஃபோக்கல் என்ற சாதாரண லேசர் நுண்ணோக்கியிலேயே பார்த்தார்கள். எல்லாம் சாப்பாட்டு உவமையாகவே வருகிறது, மன்னிக்கவும், மதியம் மூன்று மணிக்கு எழுதுகிறேன்.

இப்படிப் பார்த்து உருப்படியாக என்ன கண்டுபிடித்தார்கள்?

எனக்குப் பிடித்த உதாரணம் ஆக்ஸான், நரம்பு செல்லிலிருந்து நீளும் வால். 2013-இல் ஹார்வர்டில் ஷாவ்வெய் ஜுவாங் குழு நரம்பு செல்லின் ஆக்ஸானை ஸ்டார்மில் பார்த்தது. சவ்வுக்கு அடியில் ஆக்டின் புரதம் வளையம் வளையமாக இருந்தது, இரண்டு வளையத்துக்கு நடுவே சுமார் 180 முதல் 190 நானோமீட்டர். பீப்பாய்க்குப் பட்டை போட்டதுபோல் வரிசையாக, இடையில் ஸ்பெக்ட்ரின் புரதம் கோத்திருந்தது. எத்தனையோ வருடமாக ஆக்ஸானை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தவர்கள் கண்ணில் இது படவில்லை. இடைவெளி நடைமுறை எல்லையான 200-க்குச் சற்றே கீழே என்பதைக் கவனியுங்கள். சாதாரண நுண்ணோக்கி மயிரிழையில் கோட்டை விட்டிருக்கிறது.

இந்தப் படம் உண்மையா, கம்ப்யூட்டர் வரைந்ததா?

நியாயமான கேள்வி. இதைக் கேட்காத மாணவரைப் பார்த்தால்தான் எனக்குப் பயம்.

என் கதையைச் சொல்கிறேன். பிஎச்.டி. இரண்டாம் வருடம், சவ்வில் ஒரு புரதம் குட்டிக் குட்டிக் கொத்துகளாக இருப்பதைப் பார்த்தேன். அழகோ அழகு. மூன்று மாதம் அந்தக் கொத்துகளின் அளவை அளந்து வரைபடம் போட்டேன். லேப் மீட்டிங்கில் காட்டினேன், எல்லோருக்கும் சந்தோஷம். ஒரு ஜூனியர் மட்டும், "அக்கா, வெறும் கண்ணாடியில் சாயத்தை மட்டும் தெளித்துப் பார்த்தீங்களா?" என்று கேட்டான். பார்த்திருக்கவில்லை. மறுநாள் கவர்ஸ்லிப்பில் அதே சாயத்தை மிக நீர்க்கத் தெளித்து அதே மாதிரி படம் எடுத்தேன். புரதமே இல்லாத கண்ணாடியில் அதே கொத்துகள், அதே அளவு.

நடந்தது இதுதான். ஒரே மூலக்கூறு ஒரு முறை மினுக்கி அணைந்துவிடுவதில்லை, ஐந்து, பத்து முறை மினுக்கும். ஒவ்வொரு முறையும் நடுமையம் சில நானோமீட்டர் தள்ளி விழும். மென்பொருள் அதைப் பத்து மூலக்கூறாக எண்ணிக் கொத்தாக்கிக் காட்டிவிடும். வருடம் பாழாகவில்லை, மூன்று மாதத்தோடு போயிற்று. அந்த ஜூனியருக்கு இன்றைக்கும் கடன்பட்டிருக்கிறேன்.

இதுபோல் இன்னும் நிறைய இருக்கிறது. செல்லை அப்படியே நிலைநிறுத்தி (ஃபிக்ஸ் செய்து) வைக்கும் ஃபார்மால்டிஹைடே சில புரதங்களை இடம் மாற்றிவிடும். புரதத்தைப் பிடிக்கும் முதல் ஆன்டிபாடி, அதைப் பிடிக்கும் சாயம் ஒட்டிய இரண்டாவது ஆன்டிபாடி இரண்டும் சேர்ந்தால் சாயம் புரதத்திலிருந்து 15, 20 நானோமீட்டர் தள்ளி நிற்கலாம். உங்கள் துல்லியம் 10 என்றால் நீங்கள் அளப்பது புரதத்தையா, ஆன்டிபாடியின் கையையா? அதனால்தான் நானோபாடி என்ற குட்டி ஆன்டிபாடிக்கு இப்போது இவ்வளவு கிராக்கி. சாயம் அடர்த்தியாக ஒட்டவில்லை என்றால் தொடர்ச்சியான இழை புள்ளிக்கோலம் மாதிரி தெரியும்.

உங்கள் கருவியும் கையும் ஒழுங்காக இருக்கிறதா என்று பார்க்க, விடை ஏற்கனவே தெரிந்த ஒன்றைப் படமெடுங்கள். செல்லின் உட்கருச் சவ்வில் உள்ள துளை அமைப்பு எட்டு மூலை கொண்டது, சுமார் 120 நானோமீட்டர் குறுக்களவு. அதில் எட்டுப் புள்ளிகளை எண்ண முடிந்தால் மேலே போகலாம்.

உயிருள்ள செல்லில் முடியுமா?

முடியும், விலை உண்டு. ஸ்டெட் லேசரின் வீரியத்தில் செல் வெந்துபோகலாம். ஸ்டார்மில் ஒரு படத்துக்குப் பல நிமிடம் ஆகும், அதற்குள் செல் நகர்ந்துவிடும். உயிருள்ள செல் என்றால் சிம்மிலிருந்து ஆரம்பியுங்கள்.

இதைக் கண்டுபிடித்தவர்கள் எல்லாம் பெரிய இடத்துப் பேராசிரியர்களா?

அப்போது அப்படி இல்லை. இந்தக் கேள்விக்குத்தான் நான் நிதானமாகப் பதில் சொல்வேன்.

2014-இல் வேதியியல் நோபல் மூன்று பேருக்குப் போனது: ஷ்டெஃபான் ஹெல், எரிக் பெட்சிக், வில்லியம் மோர்னர். ஹெல் ருமேனியாவில் பிறந்தவர், 1978-இல் பதின்வயதில் குடும்பத்தோடு மேற்கு ஜெர்மனிக்குப் போனவர். 1990-இல் ஹைடல்பெர்க்கில் பிஎச்.டி. ஆபே எல்லையைத் தாண்டுவேன் என்று சொன்னவருக்கு ஜெர்மனியில் நிரந்தர இடம் அமையவில்லை. பின்லாந்தின் துர்க்கு பல்கலைக்கழகத்துக்குப் போய், அங்கே இருந்தபோதுதான் ஸ்டெட் யோசனையை வெளியிட்டார். செய்து காட்ட மேலும் ஐந்தாறு வருடம் பிடித்தது. 2000-இல் கட்டுரை வெளிவருவதற்குள் இரண்டு பெரிய இதழ்கள் அதைத் திருப்பி அனுப்பியிருந்தன.

பெட்சிக்கின் கதை வேறு மாதிரி. பெல் லேப்ஸில் நல்ல வேலை. செய்துகொண்டிருந்த முறை எங்கும் போய்ச் சேராது என்று தோன்றியதும் விட்டுவிட்டு வெளியேறினார். 1995-இல் ஒரு சின்னக் கட்டுரை மட்டும் எழுதினார். மூலக்கூறுகளை ஏதாவது ஒரு குணத்தால் தனித்தனியாகப் பிரிக்க முடிந்தால் ஒவ்வொன்றின் இடத்தையும் குறிக்கலாம் என்பதுதான் அதன் சாரம். அப்புறம் மிச்சிகனில் அப்பாவின் இயந்திரக் கம்பெனிக்குப் போய்விட்டார். வருடக்கணக்கில் ஆராய்ச்சியே இல்லை. 2005 வாக்கில், ஒளியால் "ஆன்" செய்யக்கூடிய புரதங்கள் வந்துவிட்டன என்று கேள்விப்பட்டார். அவற்றில் ஒன்றை 2002-இலேயே அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தில் ஜார்ஜ் பேட்டர்சனும் ஜெனிஃபர் லிப்பின்காட்-ஷ்வார்ட்ஸும் உருவாக்கியிருந்தார்கள். தான் பத்து வருடத்துக்கு முன் எழுதிய பூட்டுக்கு யாரோ சாவி செய்து வைத்திருக்கிறார்கள். பெட்சிக்கும் பழைய சகா ஹரால்ட் ஹெஸ்ஸும் அப்போது வேலையில் இல்லை. லா ஹோயாவில் ஹெஸ் வீட்டு ஹாலிலேயே கருவியைக் கட்டினார்கள். 2006-இல் அவர்களுடைய பாம் கட்டுரை வந்தது. அதே வருடம் ஜுவாங்கின் ஸ்டார்மும், மெய்ன் பல்கலைக்கழகத்தில் சாமுவேல் ஹெஸ்ஸின் எஃப்-பாமும் வந்தன. மூன்று குழுக்கள், ஒரே யோசனை. ஸ்டார்ம் கட்டுரையில் முதல் பெயர் மைக்கேல் ரஸ்ட், அடுத்தது மார்க் பேட்ஸ், இருவரும் அப்போது பிஎச்.டி. மாணவர்கள்.

இதைக் கேட்டுவிட்டு நீங்களும் வேலையை விட்டுவிடுங்கள் என்று சொல்ல வரவில்லை. போவதற்கு அப்பாவின் கம்பெனி இருந்தது என்பதும் கதையில் ஒரு பகுதிதான், அதை யாரும் மேடையில் அழுத்திச் சொல்வதில்லை.

பயாலஜி படித்திருக்கிறேன். ஃபிசிக்ஸ் தெரியாமல் இதற்குள் வரலாமா?

தாராளமாக. படம் கெடுவது பெரும்பாலும் லேசரால் அல்ல, சாம்பிளால். ஆன்டிபாடி நன்றாக ஒட்ட வைக்கத் தெரிந்த ஆளுக்கு எந்த லேபிலும் மரியாதை உண்டு. அதே சமயம் பைத்தான் கொஞ்சம் பழகிக்கொள்ளுங்கள். படங்களை ஆராயும் ஃபிஜி மென்பொருள் இலவசம், அதில் மினுக்கல் படங்களைக் கணக்கிடும் தண்டர்ஸ்டார்ம் என்ற ப்ளகின்னும் இலவசம்.

ஃபிசிக்ஸ்காரர்களுக்கு நான் சொல்வது வேறு. ஒரு மாதம் செல் வளர்த்துப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமையும் மீடியம் மாற்ற வர வேண்டும் என்று தெரிந்தபிறகு பயாலஜி மாணவர்களிடம் கோபப்பட மாட்டீர்கள்.

எங்கள் கல்லூரியில் இந்தக் கருவி கிடையாது. என்ன செய்வது?

கோடிக்கணக்கில் விலை, பெரும்பாலான கல்லூரிகளில் இருக்காது. ஆனால் படத்தைக் கணக்கிடப் பழகக் கருவி தேவையில்லை. சுவிட்சர்லாந்தின் லோசானில் உள்ள இ.பி.எஃப்.எல். என்ற தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் நடத்திய மென்பொருள் போட்டியின் தரவுகள் இணையத்தில் திறந்து கிடக்கின்றன. விடை தெரிந்த செயற்கைத் தரவும் அதில் உண்டு, உங்கள் கணக்கு சரியா என்று நீங்களே திருத்திக்கொள்ளலாம். கன்ஃபோக்கல் மட்டும் கையருகே இருந்தால் திசுவை உப்பவைக்கும் முறையை முயன்று பாருங்கள்.

உதவித்தொகை எவ்வளவு? அதில் காலம் தள்ள முடியுமா?

இந்தியாவில் ஜே.ஆர்.எஃப். (பிஎச்.டி. மாணவருக்கான இளநிலை உதவித்தொகை) 2023 ஜனவரியிலிருந்து மாதம் 37,000 ரூபாய், இரண்டு வருடம் கழித்து எஸ்.ஆர்.எஃப். (முதுநிலை) ஆனால் 42,000. வீட்டு வாடகைப் படி தனி. பணம் மாதாமாதம் வருமா என்பது வேறு கேள்வி. சேரும் முன்பு அந்த லேபின் சீனியரிடம் கேட்டுவிடுங்கள். மூன்று நான்கு மாதம் கழித்து மொத்தமாக வரும் இடங்களும் உண்டு. கையில் கொஞ்சம் வைத்துக்கொண்டு சேருங்கள்.

பிறகு போஸ்ட்டாக், அதாவது பிஎச்.டி.க்குப் பிந்தைய ஆராய்ச்சி வேலை. ஐரோப்பாவின் மேரி கியூரி ஃபெல்லோஷிப்புக்கு பிஎச்.டி. முடித்து எட்டு வருடத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும். ஊரிலேயே இருக்க நினைப்பவர்கள் இந்தியா அலையன்ஸ் என்ற ஆராய்ச்சி நிதி அமைப்பின் ஆரம்பநிலை ஃபெல்லோஷிப்பைப் பாருங்கள். விதிகள் அவ்வப்போது மாறும், விண்ணப்பிக்கும் வருடத்து அறிவிப்பைப் படியுங்கள்.

கைடை எப்படித் தேர்ந்தெடுப்பது?

கருவியைப் பார்த்து மயங்காதீர்கள். புத்தம் புதுக் கருவியைப் பூட்டி வைத்து, வாரத்துக்கு இரண்டு மணி நேரம் ஸ்லாட் தரும் இடம் உண்டு. பழைய டர்ஃப் நுண்ணோக்கியை (கண்ணாடியை ஒட்டிய மெல்லிய அடுக்கை மட்டும் ஒளிரவைப்பது) இரவு பதினோரு மணி வரை மாணவர் கையில் விட்டுவைக்கும் இடமும் உண்டு. நான் இரண்டாவதைத்தான் சொல்வேன். நேர்காணலில் கைடிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: "உங்கள் லேபில் கடைசியாக எந்த முடிவு தப்பென்று தெரிந்து கைவிட்டீர்கள்?" சிரித்துக்கொண்டே கதை சொன்னால் சேரலாம். முகம் மாறினால் யோசியுங்கள்.

பேராசிரியர் ஆகாவிட்டால்?

நான் ஆகவில்லை. கருவியைப் பராமரிப்பது, பயிற்சி தருவது, பரிசோதனையைத் திட்டமிட உதவுவது என்று இமேஜிங் ஃபெசிலிட்டி வேலையே ஒரு தொழில். வாரத்துக்கு ஆறு வெவ்வேறு கேள்விகள் வரும்: ஒரு நாள் மலேரியா ஒட்டுண்ணி, மறுநாள் எலியின் மூளை. கட்டுரையில் பெயர் வருமா என்பது மட்டும் தொடர்ந்து போராட வேண்டிய விஷயம். நன்றி சொல்லும் பத்தியில் நன்றாக இருக்கிறேன்.

முதல் முறை சாம்பிள் கொண்டு வருகிறேன். என்ன கவனிக்க வேண்டும்?

கவர்ஸ்லிப் 0.17 மில்லிமீட்டர், பெட்டியில் 1.5 என்று போட்டிருக்கும். வேறு தடிமன் என்றால் கொண்டுவர வேண்டாம், அந்த லென்ஸ் அதற்காகவே செய்தது. சாயமே போடாத ஒரு ஸ்லைடும், இரண்டாவது ஆன்டிபாடி மட்டும் போட்ட ஒரு ஸ்லைடும் கூடவே வர வேண்டும். ஸ்டார்ம் என்றால் சாயத்தை மினுக்க வைக்கும் பஃபர் கரைசலை அன்றைக்கே கலக்குங்கள். அதில் உள்ள குளுக்கோஸ் ஆக்ஸிடேஸ் நேரம் ஆக ஆக அமிலத்தைச் சேர்த்துக்கொண்டே போகும், இரண்டு மணி நேரத்தில் மினுக்கல் மாறிவிடலாம். மெர்காப்டோ எத்தனால் கலந்தால் அழுகின முட்டை வாடை வரும், மூடி வைத்துக் கொண்டு வாருங்கள், லிஃப்டில் வேண்டாம். அறைக்குள் வந்ததும் ஏ.சி.யைத் தொடாதீர்கள். ஒரு டிகிரி மாறினாலும் ஸ்லைடைத் தாங்கும் ஸ்டேஜ் நூற்றுக்கணக்கான நானோமீட்டர் நகரலாம், இருபது நிமிடப் படம் போச்சு. ஸ்லைடை வைத்துவிட்டு அரை மணி நேரம் டீ குடிக்கப் போகலாம், கண்ணாடியும் உலோகமும் அறைச் சூட்டுக்கு வரட்டும்.

அப்புறம் ஓரத்தை அடைக்க நெயில் பாலிஷ் பூசுவீர்கள், அது முழுசாகக் காயட்டும். போன மாதம் ஒருவர் ஈரத்தோடு வைத்துவிட்டார். பல லட்சம் ரூபாய் லென்ஸின் முகத்தில் ரோஸ் கலர், சொட்டுச் சொட்டாக ஒற்றியெடுக்க எனக்கு ஒரு சாயங்காலம் ஆயிற்று.